நுண்ணறிவுச் சோதனைகளும் சமய நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கடவுளை நம்புகிறவர்களுக்கு ஐ.கியூ. குறைவு என்று அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்ற வாசகம் சில ஆண்டுகளாகப் பரவி வருகிறது. அதைப் பெருமையோடு பகிர்பவர்களும் புண்பட்டு மறுப்பவர்களும் பெரும்பாலும் ஆய்வுகளைப் படித்தவர்கள் அல்லர். ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன, எந்த அளவுக்குச் சொல்கின்றன என்பதை, நுண்ணறிவுச் சோதனை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி இங்கே விளக்கியிருக்கிறேன்.

நுண்ணறிவுச் சோதனை முதன்முதலில் எதற்காக உருவாக்கப்பட்டது?

பிரான்சில் கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து கற்க முடியாமல் திணறும் குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி எழுந்தது. ஆசிரியரின் எண்ணத்தை மட்டும் நம்பினால், குறும்பு செய்கிற குழந்தையும் ஏழைக் குழந்தையும் மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்படும் அபாயம் இருந்தது. கல்வி அமைச்சகம் 1904இல் ஒரு குழுவை அமைத்தது. அந்தப் பணியின் விளைவாக ஆல்பிரெட் பினே, தம் உடன்பணியாளர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். எந்த வயதுக் குழந்தைகள் எந்தக் கேள்விக்குப் பொதுவாக விடையளிக்கிறார்கள் என்பதே அதன் அடிப்படை.

உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறிந்து அதற்குத் தனிப்பயிற்சி அளிப்பதுதான் பினேயின் நோக்கம். நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்று சிலர் பேசியதை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார். அவர் 1911இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை, அதாவது ஒரு குழந்தையின் விடைகள் எந்த வயதினரின் விடைகளுக்குச் சமமோ அந்த வயதை, உண்மை வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். அதை நூறால் பெருக்கி வந்த எண்தான் ‘நுண்ணறிவு ஈவு’ (ஐ.கியூ.) என்று உலகெங்கும் பரவியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அமெரிக்கப் பதிப்பை வெளியிட்டார்.

கடல் கடந்ததும் நோக்கம் மாறிப்போனது. முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் வீரர்களுக்குக் குழுச் சோதனை நடத்தியது. குடியேற வந்தவர்களைத் தரம்பிரிக்கவும் சோதனைகள் பயன்பட்டன. வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண், பினே சோதனையில் ஒன்பது வயதுக்குரிய மனநிலை கொண்டவர் என்று முத்திரை குத்தப்பட்டார். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் அனுமதித்தது. அறிவுக்குறை பரம்பரையாகத் தொடர்கிறது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட அவருடைய குழந்தை விவியன், பின்னர் பள்ளியில் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் இடம்பெற்றாள். மனிதர்களை ஓர் எண்ணுக்குள் அடக்குகிற எந்தப் பேச்சையும் கேட்கும்போது இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது பயன்படும் சோதனைகளில் என்ன கேட்கிறார்கள்? 100 என்ற எண்ணுக்கு என்ன பொருள்?

பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படுவது, டேவிட் வெக்ஸ்லர் 1939இல் தொடங்கிவைத்த சோதனைத் தொடரின் திருத்திய வடிவங்கள். சொற்களுக்குப் பொருள் கூறுவது, இரண்டு பொருள்களுக்கு இடையே உள்ள பொதுத்தன்மையைச் சொல்வது, வண்ணக் கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தை உருவாக்குவது, கேட்ட எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது, குறியீடுகளை விரைவாக நிரப்புவது போன்ற பணிகள் அதில் உண்டு. மொழியே இல்லாமல் வடிவங்களின் வரிசையை மட்டும் வைத்து, விடுபட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ரேவன் சோதனை 1938இல் வெளியானது. இந்தியாவில் பினே சோதனையைத் தழுவி வி. வி. காமத் உருவாக்கிய பினே–காமத் சோதனை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

மன வயதை வகுக்கும் பழைய கணக்கு இப்போது இல்லை. ஒருவரின் விடைகள் அதே வயதினரின் விடைகளோடு ஒப்பிடப்படுகின்றன. அந்த வயதினரின் சராசரியை 100 என்றும் திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் அளவை) 15 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 130ஐத் தாண்டுவோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருப்பார்கள். ஆகவே 120 எடுத்தவர் 60 எடுத்தவரைவிட இரண்டு மடங்கு அறிவாளி என்று சொல்வதற்கு இடமில்லை. இந்த எண் ஒரு வரிசையில் ஒருவர் நிற்கும் இடத்தைக் காட்டுகிறதே தவிர, எடையைப் போலப் பூச்சியத்திலிருந்து அளக்கப்படுவது அன்று.

அப்படியானால் அது உண்மையில் எதை அளக்கிறது?

சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் கவனித்த ஓர் உண்மையிலிருந்து தொடங்கலாம். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் மாணவர்கள், அதோடு தொடர்பில்லாத மற்றொன்றிலும் சராசரியாகச் சற்று நன்றாகவே செய்கிறார்கள். எந்த அறிவுப் பணியை எடுத்தாலும் இந்த நேர்மறை ஒட்டுறவு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. இதற்குப் பின்னால் உள்ள பொதுக் காரணியையே சோதனைகள் அளக்கின்றன என்றார் ஸ்பியர்மன். அது மூளையின் ஒரே ஆற்றலா, ஒன்றையொன்று வளர்க்கும் பல திறன்களின் கூட்டு விளைவா என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. புதிய சிக்கலைத் தீர்க்கும் திறனையும் கற்றுச் சேர்த்த அறிவையும் ரேமண்ட் கேட்டல் பிரித்துக் காட்டியது பெரும்பாலோரால் ஏற்கப்பட்டிருக்கிறது.

சோதனை பயனற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்காட்லாந்தில் 1932ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், 1921இல் பிறந்து பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும், அதாவது 87,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஒரே சோதனை நடத்தப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து இயன் டியரியும் அவருடைய குழுவினரும் அந்தப் பதிவுகளைத் தேடியெடுத்து, உயிரோடிருந்த முதியவர்களை மீண்டும் சோதித்தனர். பதினொரு வயதில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் முதுமையில் பெற்றதற்கும் வலுவான தொடர்பு இருந்தது. அபர்டீன் நகரத்துக் குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, 15 புள்ளி குறைவாக எடுத்தவர்கள் 76 வயதுவரை வாழும் வாய்ப்பு 21 சதவீதம் குறைவாக இருந்தது. பள்ளித் தேர்வுகளைப் பொறுத்தவரை இந்தச் சோதனைகளைப் போல முன்கூட்டிக் காட்டும் கருவிகள் உளவியலில் மிகச் சிலவே.

எதை அளப்பதில்லை?

நேர்மை, கருணை, விடாமுயற்சி, இசையறிவு, கைத்திறன், மனிதர்களைப் புரிந்துகொள்ளும் பக்குவம் ஆகியவற்றை அளப்பதில்லை. அளப்பதாக அதை உருவாக்கியவர்களும் சொல்லவில்லை. ஒருவர் எதை நம்ப வேண்டும் என்று தீர்மானிக்கும்போது தம் அறிவை எவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்துகிறார் என்பதையும் அது அளப்பதில்லை. சமய நம்பிக்கை பற்றிய பேச்சில் இந்தக் கடைசி விடுபடல்தான் மிக முக்கியமானது.

சோதனை காட்டுவது பிறவித் திறனைத்தானே?

முழுவதும் அப்படி அன்று. மரபணுக்களுக்குக் கணிசமான பங்கு இருப்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மதிப்பெண் சூழலாலும் நகர்கிறது. அந்த நகர்வு சிறியதும் அன்று. பள்ளியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்று முதல் ஐந்து புள்ளிவரை உயர்த்துகிறது என்று ஸ்டூவர்ட் ரிச்சியும் எலியட் டக்கர்–டிராபும் 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்வு) காட்டியது. கடுமையான அயோடின் பற்றாக்குறை மதிப்பெண்ணைக் குறைக்கிறது. தலைமுறை தலைமுறையாகவும் மதிப்பெண் ஏறியிருக்கிறது. 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி சுமார் 14 புள்ளி உயர்ந்ததாக ஜேம்ஸ் பிளின் 1984இல் கணக்கிட்டுக் காட்டினார். மரபணுக்கள் இவ்வளவு குறுகிய காலத்தில் மாறுவதில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து, 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். கரும்பு விவசாயிக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அறுவடை முடிந்து ஆலை பணம் தரும்போது மொத்தமாக வருகிறது. எனவே அறுவடைக்கு முன்னால் அவர் கையில் காசில்லாதவராகவும், பின்னால் ஓரளவு வசதியுள்ளவராகவும் இருக்கிறார். அறுவடைக்கு முந்தைய காலத்தில் 78 சதவீதத்தினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் அது 4 சதவீதமாகக் குறைந்தது. அதே மனிதர்களுக்கு இரண்டு காலங்களிலும் ரேவன் வகைக் கேள்விகள் தரப்பட்டன. முன்பு சராசரியாக 4.35 கேள்விகளுக்குச் சரியான விடை தந்தவர்கள், பின்பு 5.45 கேள்விகளுக்குத் தந்தார்கள். ஆலைகள் வெவ்வேறு நிலங்களை வெவ்வேறு மாதங்களில் வெட்ட அனுமதிப்பதால், பருவகாலம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியவில்லை. இரண்டாம் முறை எழுதிய பழக்கம்தான் காரணமா என்று பார்க்க, அறுவடைக்குப் பின் முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட தனிக் குழுவோடும் ஒப்பிட்டார்கள்.

இந்த ஆய்வின் புள்ளிவிவர முறைமீது கேள்விகள் எழுப்பப்பட்டன. அமெரிக்காவில் சம்பள நாளையொட்டிச் செய்யப்பட்ட வேறோர் ஆய்வு இத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. ஆனாலும் மாதச் சம்பளத்தின் கடைசி வாரமும், அடகுக்கடைக்குப் போய்விட்டு வந்த ஓர் ஆண்டின் கடைசி மாதங்களும் ஒரே தரத்துக் கவலைகள் அல்ல என்பதே என் கருத்து. சோதனை நடந்த நாளில் ஒருவர் மனத்தில் என்ன பாரம் இருந்தது என்று கேட்காமல் மதிப்பெண்ணைப் பிறவித் திறன் என்று எழுதிவிடக் கூடாது.

பள்ளிக்கூடமே பார்க்காதவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்துமா?

சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931, 1932 ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் எழுத்தறியாத விவசாயிகளைச் சந்தித்தார். பனி பெய்யும் தொலைவடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, நோவயா செம்லியா அங்கே இருக்கிறது, அங்குள்ள கரடிகள் என்ன நிறம் என்று கேட்டார். தாம் அங்கே போனதில்லை என்றும், பார்க்காததைப் பற்றிச் சொல்ல முடியாது என்றும் அவர்கள் பதிலளித்தனர். கொடுக்கப்பட்ட வாக்கியங்களை உண்மை என்று வைத்துக்கொண்டு அவற்றுக்குள்ளேயே சிந்திப்பது பள்ளி தரும் பழக்கம். தம் வாழ்க்கைச் சிக்கல்களைத் திறமையாகத் தீர்க்கும் ஒருவர் அந்தப் பழக்கத்தை மேற்கொள்ளாதபோது, மதிப்பெண் குறைகிறது. அறிவு குறைந்ததாக ஆகிவிடாது.

ஒரே மதிப்பெண்ணை எவ்வளவு துல்லியமாக நம்பலாம்?

சுமார் ஐந்து புள்ளி முன்பின்னாக நம்பலாம். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 2002இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், 70க்கு மேல் ஒரு புள்ளி எடுத்தாலும் வேறு சான்றைப் பார்க்க மறுத்த புளோரிடா மாநிலத்தின் விதியை 2014இல் செல்லாது என்று அறிவித்தது. அளவீட்டுப் பிழை உள்ள கருவியை உயிரைத் தீர்மானிக்கும் கோடாகப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சமய நம்பிக்கையைப் பற்றிய ஆய்வுகள் என்ன கண்டறிந்தன?

இந்தக் கேள்வி 1920களிலிருந்தே அமெரிக்கக் கல்லூரிகளில் ஆராயப்பட்டு வருகிறது. சிதறிக்கிடந்த முடிவுகளை ஒன்றுசேர்த்து, மைரன் சக்கர்மன், ஜோர்டன் சில்பர்மன், ஜூடித் ஹால் ஆகிய மூவரும் 2013இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டனர். அதில் 63 ஆய்வுகள் இடம்பெற்றன. 53 ஆய்வுகளில் நுண்ணறிவு மதிப்பெண் கூடக் கூடச் சமய ஈடுபாடு குறைவதாகவும், 10 ஆய்வுகளில் கூடுவதாகவும் தெரிந்தது. கல்லூரி மாணவர்களையும் பொதுமக்களையும் எடுத்துக்கொண்டால், நம்பிக்கைக்கும் நுண்ணறிவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1 என்று வரும் எண்) சராசரியாக எதிர்மறை 0.24. சிறு வயதினரிடம் தொடர்பு இதைவிடப் பலவீனமானது. வழிபாட்டுக்குப் போவது போன்ற செயல்களைவிட மனத்தளவிலான நம்பிக்கையோடுதான் தொடர்பு கூடுதல்.

வியன்னாவைச் சேர்ந்த புளோரியன் டியூர்லிங்கரும் யாகோப் பீட்ஷ்னிக்கும் 2022இல் 89 ஆய்வுகளை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளோடு, பலவிதக் கணக்கீட்டு முறைகளில் மறுபடி பார்த்தனர். தொடர்பு எதிர்மறையாகவே நின்றது; ஆனால் அதன் அளவு 0.14ஆகக் குறைந்தது. மேற்கத்திய நாடுகளில், பெரும்பாலும் கிறித்தவப் பின்னணி உள்ளவர்களிடையே, சிறியதொரு எதிர்மறைத் தொடர்பு இருக்கிறது என்பதை ஏற்கத்தான் வேண்டும். எனக்கு உவப்பாக இல்லை என்பதற்காக ஒரு முடிவை மறைப்பது நேர்மையாகாது என்பதை நம்பிக்கையாளர்களுக்கும், அதன் அளவைச் சொல்லாமல் திசையை மட்டும் சொல்வதும் நேர்மையாகாது என்பதை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்மறை 0.2 என்றால் நடைமுறையில் என்ன பொருள்?

சராசரிக்கு மேல் சமய ஈடுபாடு உள்ள 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பே இல்லை என்றால் அவர்களில் 50 பேர் சராசரிக்கு மேல் மதிப்பெண் எடுப்பார்கள். எதிர்மறை 0.2 என்ற தொடர்பு இருந்தால், மதிப்பெண்கள் வழக்கமான முறையில் பரவியிருப்பதாகக் கொண்டு கணக்கிடும்போது, அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 44. எதிர்மறை 0.14 என்றால் 45 அல்லது 46. மக்களிடையே காணும் சமய ஈடுபாட்டு வேறுபாட்டில் நூற்றுக்கு நான்கு பங்கோ அதற்கும் குறைவோதான் நுண்ணறிவு மதிப்பெண்ணோடு சேர்ந்து நகர்கிறது. எஞ்சியவை வளர்ப்பு, ஊர், குடும்பம், காலம், அனுபவம் ஆகியவற்றின் கையில் இருக்கின்றன. எதிரில் இருப்பவர் நெற்றியில் திருநீறு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அவருடைய மதிப்பெண்ணை ஊகிக்க முயன்றால், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இந்தச் சிறு தொடர்புக்குக் காரணம் என்ன?

சக்கர்மன் குழுவினர் மூன்று விளக்கங்களைச் சொன்னார்கள். நுண்ணறிவு மிக்கவர்கள் சுற்றியிருப்பவர்களின் கருத்துக்கு எளிதில் இணங்குவதில்லை என்பது ஒன்று. உள்ளுணர்வைவிடப் பகுத்துப் பார்க்கும் சிந்தனையை அவர்கள் நாடுகிறார்கள் என்பது மற்றொன்று. வாழ்க்கையின்மீது ஒரு பிடி இருக்கிறது என்ற உணர்வு, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன், தன்மதிப்பு போன்ற, சமயம் தரும் துணைகள் அவர்களுக்கு வேறு வழிகளிலும் கிடைத்துவிடுகின்றன என்பது மூன்றாவது.

முதல் விளக்கத்தை எடுத்துக்கொண்டால், அது இடத்தைப் பொறுத்துத் திசை மாற வேண்டும். எல்லோரும் நம்புகிற ஊரில் நம்பாதவர் தனித்து நிற்பவர். எல்லோரும் நம்பாத ஊரில் நம்புகிறவர்தான் தனித்து நிற்பவர். அப்படியானால் நுண்ணறிவு இழுத்துச் செல்வது நாத்திகத்தை நோக்கி அன்று, பெரும்பான்மையிலிருந்து விலகும் துணிவை நோக்கியே.

இரண்டாம் விளக்கத்துக்கு ஆதாரமாக ஒரு சோதனை மிகவும் புகழ்பெற்றது. கனடாவில் வில் ஜெர்வைசும் ஆரா நோரென்சயனும் 2012இல், ரோடானின் ‘சிந்தனையாளர்’ சிலையின் படத்தைப் பார்த்தவர்களிடம் இறைநம்பிக்கை சற்றுக் குறைந்ததாக அறிவித்தார்கள். உலகெங்கும் செய்தியான அந்த முடிவு, பின்னர் பெரிய எண்ணிக்கையினரை வைத்துத் திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. ஜெர்வைஸ் தாமே வேறு பல ஆய்வாளர்களோடு சேர்ந்து 13 நாடுகளில் பார்த்தபோது, பகுப்புச் சிந்தனைக்கும் நம்பிக்கையின்மைக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது, நாட்டுக்கு நாடு நிலையில்லாதது என்று 2018இல் எழுதினார். தம் பெயருக்குப் புகழ் தந்த முடிவையே மீண்டும் சோதித்து, கிடைத்ததை அப்படியே வெளியிட்ட அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

சமய ஈடுபாட்டை எப்படி அளந்தார்கள்?

இந்தத் துறையின் மிகப் பலவீனமான இடம் இதுவே என்று கருதுகிறேன். ‘கடவுள் இருக்கிறார் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்’, ‘வாரத்துக்கு எத்தனை முறை தேவாலயத்துக்குச் செல்கிறீர்கள்’, ‘விவிலியம் எழுத்துக்கு எழுத்து உண்மையா’ என்பன போன்ற கேள்விகளே பெரும்பாலும் கேட்கப்பட்டன. இவை சீர்திருத்தக் கிறித்தவத்தின் அமைப்பிலிருந்து பிறந்தவை. வேதநூலை எழுத்துக்கு எழுத்து ஏற்கும் கடும்பற்றோடு நுண்ணறிவுக்கு உள்ள எதிர்மறைத் தொடர்பு, பொதுவான ஆன்மிக உணர்வோடு உள்ளதைவிட வலுவானது என்று அமெரிக்கத் தரவுகளிலேயே தெரிந்திருக்கிறது.

இதே கேள்விகளை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்கிறவர் இருக்கிறார். படைத்த கடவுள் என்ற ஒருவரை ஏற்காத சமணரும் பௌத்தரும் இருக்கிறார்கள். கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே அம்மா மனம் நோகக் கூடாது என்பதற்காகப் பிள்ளைக்கு முடியிறக்கக் கோவிலுக்குப் போகிறவரும் இருக்கிறார். வாரக் கணக்கும் ‘உறுதியாக நம்புகிறேன்’ என்ற கட்டமும் இவர்களில் யாரையும் சரியாகப் பிடிக்காது. அந்தக் கேள்விகளால் கிடைத்த கெழுவை எடுத்து இந்து, சமண, பௌத்த மக்களைப் பற்றிப் பேசுவதற்கு அறிவியல் அடிப்படை இல்லை.

நாத்திகம் மிகுந்த நாடுகளில் சராசரி ஐ.கியூ. அதிகம் என்கிறார்களே?

ரிச்சர்ட் லின், ஜான் ஹார்வி, ஹெல்முத் நைபோர்க் ஆகியோர் 2009இல் 137 நாடுகளை ஒப்பிட்டு 0.60 என்ற ஒட்டுறவைக் காட்டினர். அவர்கள் பயன்படுத்திய தேசியச் சராசரிகளில் பல, சிறிய, மக்கள்தொகையைப் பிரதிபலிக்காத மாதிரிகளிலிருந்து பெறப்பட்டவை என்ற கண்டனம் நீண்ட நாளாக இருக்கிறது. தரவு சரியானது என்றே வைத்துக்கொண்டாலும், நாடுகளிடையே உள்ள தொடர்பிலிருந்து தனிமனிதர்களைப் பற்றி முடிவு கட்ட முடியாது. டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் இதை அழகாக நிறுவினார். 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. ஆனால் தனி மனிதர்களாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறியாமை அதிகம். அவர்கள் கல்வி வளர்ந்த மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

நல்ல ஊட்டம், நீண்ட பள்ளிக் கல்வி, மருத்துவ வசதி, முதுமைக்குப் பாதுகாப்பு ஆகியவை ஒரு நாட்டில் மதிப்பெண்ணை உயர்த்தும். அதே வசதிகள் சமய நிறுவனங்களின் தேவையையும் குறைக்கலாம். இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருக்க இடமுண்டு.

மதிப்பெண் உயர்ந்தபோது நம்பிக்கை குறைந்ததா?

ஒன்று மற்றொன்றை நேராக இழுக்கிறது என்றால் காலத்தோடும் அது தெரிய வேண்டும். 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் மதிப்பெண் சுமார் 14 புள்ளி உயர்ந்ததை மேலே பார்த்தோம். கேலப் நிறுவனத்தின் கணக்குப்படி, தேவாலயம் போன்ற வழிபாட்டு அமைப்புகளில் உறுப்பினராக இருந்தோர் 1937இல் 73 சதவீதம். 1999இல்கூட 70 சதவீதம். அதன் பிறகே வேகமாகச் சரிந்து 2020இல் 47 சதவீதமானது. மதிப்பெண் ஏறிய அந்த நீண்ட காலத்தில் உறுப்பினர் அளவு அசையாமல் இருந்திருக்கிறது. உறுப்பினர் ஆவதும் நம்புவதும் ஒன்றல்ல என்பது உண்மைதான் என்றாலும், ‘அறிவு ஏறினால் நம்பிக்கை இறங்கும்’ என்ற எளிய விதிக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

அறிவியலாளர்களில் பெரும்பாலோர் நாத்திகர்கள் அல்லவா?

அமெரிக்காவில் எட்வர்ட் லார்சனும் லாரி விதமும் 1998இல் தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினர்களைக் கேட்டபோது, தனிமனிதக் கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் 7 சதவீதம் மட்டுமே. ஆனால் எலேன் எக்லண்டும் அவருடைய குழுவினரும் பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில் வேறொரு படம் கிடைக்கிறது. ஹாங்காங்கில் அறிவியலாளர்களில் 39 சதவீதத்தினர் தம்மைச் சமயத்தவர் என்றனர். பொதுமக்களில் அப்படிச் சொன்னவர்கள் 20 சதவீதமே. தைவானில் முறையே 54, 44 சதவீதம். இந்தியாவிலும் அறிவியலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைச் சமயத்தவர் என்றே குறிப்பிட்டனர். அறிவியல் பயிற்சி மட்டுமே நம்பிக்கையைக் கரைக்கிறது என்றால் ஹாங்காங்கில் இது நடந்திருக்கக் கூடாது.

இராமானுஜன் நாமகிரித் தாயாரை நம்பினாரே, அது போதாதா?

இந்த ஆய்வு முடிவை மறுக்க அது போதாது. சராசரியைப் பற்றிய ஒரு கூற்று, தனி ஒருவரால் பொய்யாகிவிடாது. ஆனால் அவருடைய வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. தம் சூத்திரங்கள் நாமக்கல் தாயாரின் அருளால் வந்தவை என்று இராமானுஜன் கருதியதாக அவரை நெருங்கி அறிந்த இந்தியர்கள் எழுதினார்கள். கேம்பிரிட்ஜில் அவரோடு ஐந்தாண்டுகள் இருந்த நாத்திகரான கணிதவியலாளர் ஹார்டியோ, எல்லாச் சமயங்களும் ஏறத்தாழச் சம அளவில் உண்மையானவையாகத் தோன்றுவதாக இராமானுஜன் தம்மிடம் சொன்னதாகப் பதிவுசெய்து, அவர் ஆழ்ந்த பக்தர் என்ற பேச்சை ஐயப்பட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கணிதத்தில் இந்த வேறுபாடு ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இவ்வளவு அணுக்கமாக அறியப்பட்ட ஒரு மனிதரின் நம்பிக்கையின் ஆழத்தையே இருதரப்பும் இருவிதமாக மதிப்பிடும்போது, ஐந்து கட்டங்கள் கொண்ட கேள்வித்தாளின் துல்லியத்தைப் பற்றி நாம் எச்சரிக்கையாக இருப்பது நியாயம்.

அப்படியானால் இந்த ஆய்வுகள் கடவுள் மறுப்புக்குச் சான்று ஆகுமா?

ஆகாது. ஒரு கருத்து உண்மையா என்பது அதை ஏற்பவர்களின் மதிப்பெண் சராசரியால் தீர்மானிக்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் இதை எண்ணிப் பார்க்க நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் தலைவர் பெரியார், சில ஆண்டுகளே பள்ளியில் படித்தவர். கடவுளையும் சாத்திரங்களையும் அவர் மறுத்ததற்கு அடிப்படை, அவை சாதி ஏற்றத்தாழ்வைத் தாங்கி நிற்கின்றன என்ற வாதம். நம்புகிறவர்களைக் கடுஞ்சொற்களால் சாடியபோதும், தம் வாதத்தைக் கேட்டு யோசித்து ஏற்கவோ தள்ளவோ செய்யுங்கள் என்றே அவர் மேடைதோறும் மக்களிடம் கேட்டுக்கொண்டார். அந்த வாதத்தை ஏற்பவரும் மறுப்பவரும் அதன் காரணங்களோடுதான் மோத வேண்டும், பேசுபவரின் ஐ.கியூ.வைக் கேட்பதால் எந்தப் பக்கத்துக்கும் பயனில்லை. ஐ.கியூ. எண்ணை வைத்து மக்களைத் தாழ்த்தும் பழக்கம், பிறப்பை வைத்துத் தாழ்த்தும் பழக்கத்துக்கு எவ்வளவு எளிதில் துணைபோகும் என்பதை வர்ஜீனியா வழக்கு காட்டிவிட்டது.

இனி எத்தகைய ஆய்வு தேவைப்படுகிறது?

முதலில், ஒரே மனிதர்களை நெடுங்காலம் பின்தொடரும் ஆய்வு வேண்டும். ஸ்காட்லாந்தில் செய்ததைப் போலப் பதினொரு வயதில் அளந்துவிட்டு, இருபதிலும் நாற்பதிலும் அறுபதிலும் அவர்களுடைய நம்பிக்கை எப்படி மாறுகிறது என்று பார்த்தால்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று பேச முடியும். கல்வி, வருமானம், ஊர் ஆகியவற்றைத் தனியே பிரித்தெடுக்கவும் அப்போதுதான் இயலும். அடுத்து, நம் சமய வாழ்க்கையிலிருந்து பிறந்த கேள்விகள் வேண்டும்: நேர்த்திக்கடன், விரதம், குலதெய்வ வழிபாடு, தர்கா வழிபாடு, வேளாங்கண்ணி யாத்திரை, சாமியாடியிடம் குறி கேட்பது ஆகியவற்றில் எது நம்பிக்கை, எது உறவுக் கடமை, எது வழக்கம் என்று மக்களையே கேட்டுப் பிரித்தறியும் கேள்விகள். அவற்றை முதலில் தமிழிலேயே எழுதி, கிராமத்திலும் நகரத்திலும் சரிபார்த்த பிறகு, தமிழ்நாட்டு மக்களை வைத்தே தரப்படுத்திய நுண்ணறிவுச் சோதனையோடு சேர்த்து நடத்த வேண்டும். கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வைப் போல, அறுவடைக்கு முன்னும் பின்னும் இரண்டையும் அளந்து பார்ப்பது நல்ல தொடக்கமாக இருக்கும். கையில் பணமில்லாத மாதங்களில் மதிப்பெண் இறங்கும்போது அதே மனிதரின் வேண்டுதல் கூடுகிறதா என்பதை அது ஒன்றே நேராகக் காட்டும்.